கொலாபாவிலிருந்து வெர்சோவாவுக்கு ஒரு கட்டியோடு

போன வாரம் பம்பாய் கொலாபாவில் ஒரு கல்யாணம். சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்பும்போது டாக்ஸிக்காரர் கடலோரப் புதுச் சாலையில் வண்டியை ஏற்றினார். மலபார் ஹில்லுக்கு அடியில் சுரங்கம். ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் வெளிச்சம் வந்து, பிரீச் கேண்டி பக்கம் கடல் தெரிந்தது. என் வலது கை தானாகப் பிடரிக்குப் போனது. அங்கே நெல்லிக்காய் அளவில் எனக்கு ஒரு கட்டி இருக்கிறது.

"அப்பா, கழுத்து வலிக்குதா?" என்றாள் மகள்.

"இல்லம்மா. இந்த இடத்துல ஒரு தடவை நான் முங்கிச் செத்துப் போனேன்."

அவள் காதில் செருகியிருந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டாள். என் பேச்சில் எத்தனை பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நீங்களாவது கேளுங்கள்.

அந்தக் கட்டியைக் கண்டுபிடித்தவர் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துச் சலூன்காரர். பின்கழுத்தில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தி, "சாப், இதர் குச் ஹை" என்றார். இங்கே ஏதோ இருக்கிறதாம். அப்போது எனக்கு முப்பது தாண்டி இரண்டு மூன்று வருடங்கள். பாதி வெட்டிய முடியோடு எழுந்து ஓடாதது ஒன்றுதான் பாக்கி. அன்று ராத்திரிக்குள் என் இரங்கல் கூட்டத்தில் ஆபீஸில் யார் யார் என்ன பேசுவார்கள் என்பது வரை யோசித்துவிட்டேன். மேனேஜர் பேச்சு நன்றாகவே இருந்தது.

டாக்டர் ஊசி குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து லேபுக்கு அனுப்பினார். ரிப்போர்ட் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். எட்டு மணிக்கு லேபை மூடிவிடுவார்கள், ஞாயிறு லீவு. மனைவியிடம் மூச்சு விடவில்லை. பயந்துவிடுவாள் என்பதற்காக அல்ல. அவள் பயப்படவே மாட்டாள்; நான் ஒருவனே பயந்துகொண்டிருப்பது வீட்டுக்குள் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இசக்கியிடம் மட்டும் சொன்னேன். தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் லிப்ட் மெக்கானிக். சொந்தக் கல்யாணத்தன்று மாலையைத் தாண்டிக் கிரீஸ் மணத்தவன்.

"வே, திருச்செந்தூருக்கு நடந்து வாரேன்னு நேந்துக்கிடும்" என்றான். "எங்க அப்பாவுக்கு வயித்துவலி அப்படித்தான் போச்சு."

"ஆடிட் நடக்கு. லீவு கேட்டா மேனேஜரே என்னைக் கொன்னுருவான்."

"அப்ப இங்கன நடப்போம். கொலாபால இருந்து வெர்சோவா. கடலைப் பாத்துக்கிட்டே நடந்தா சரி."

"ஏய், அது வங்கக்கடல், இது அரபிக்கடல்."

"கன்னியாகுமரில ரெண்டும் சேந்துதானவே கெடக்கு? அவருக்குத் தெரியாதா?"

அவன் இரண்டு நிபந்தனைகள் போட்டான். கடல் கண்ணில் பட வேண்டும். கட்டடம் மறைத்தால் சுற்றி வந்தாவது பார்த்துவிட வேண்டும். வெர்சோவாவைத் தொடும் முன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கக் கூடாது. வாங்கினால் நேர்ச்சை செல்லாது.

இதற்கான கணக்கைப் போட்டவன் நான். பம்பாய்க்காரன் தூரத்தை வேறு எதில் அளப்பான்? சர்ச்கேட்டிலிருந்து அந்தேரி வரை ஸ்லோ வண்டி நிற்கும் ஸ்டேஷன்களை விரல் விட்டு எண்ணினேன். ஒரு ஸ்டேஷனுக்கு இருபது நிமிட நடை. ஐந்து மணி நேரம். அந்தேரியிலிருந்து வெர்சோவா ஒரு மணி நேரம். காலை ஆறுக்குக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஆறு மணிக்கு ரிப்போர்ட். முப்பது வருடங்களாக ரயிலிலேயே வாழ்ந்தவனுக்கு, கடல் தண்டவாளம் மாதிரி நேராகப் போகாது என்பது எப்படித் தெரியும்? மரீன் டிரைவ் முடிந்ததும் வால்கேஷ்வர் கடலுக்குள் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து அதைச் சுற்றிப் பார்த்தால், ரயில் கணக்கில் நாங்கள் இன்னும் கிராண்ட் ரோட்டைத் தாண்டவில்லை.

கடலோர நடையில் கால் வலியைவிடப் பெரிய கவலை ஒன்றுண்டு. கக்கூஸ். அதில்தான் இசக்கியின் மகிமையைப் பார்த்தேன். வழியில் வந்த கட்டடங்களில் பாதி அவன் கிரீஸ் போட்டவை. "இது நாலாவது மாடியில மூச்சு வாங்கும். அது மழை பெஞ்சா நிக்கும்" என்று உறவுக்காரர்களைக் காட்டுவதுபோல் காட்டிக்கொண்டு வந்தான். வாட்ச்மேன்கள் எழுந்து நின்று சலாம் வைத்து, கீழ்த்தளத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். கோடீஸ்வரர்கள் வாசலில் கட்டிங் சாய் என்கிற அரை கிளாஸ் டீயும் கிடைத்தது.

பிரீச் கேண்டியில் கட்டடங்கள் கடலை மறைத்துவிட்டன. நிபந்தனை நிபந்தனைதான் என்று சுவர் இடைவெளி ஒன்றில் பாறைகளுக்கு இறங்கினோம். நீர் வற்றிக் கிடந்த நேரம். கறுத்த, பாசி வழுக்கும் பாறைகள், இடையிடையே குட்டைகள். தூரத்தில் ஒரு கோலி மீனவப் பெண்மணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்ன இரும்பால் பாறையைத் தட்டிச் சிப்பி எடுத்துக்கொண்டிருந்தார். டக் டக் என்ற சத்தம். ஐயோடினும் அழுகலும் கலந்த வாடை. அந்த வாடை எனக்கு லேபில் பஞ்சால் கழுத்தைத் துடைத்ததை ஞாபகப்படுத்தியது. உடனே கட்டி, ரிப்போர்ட், இரங்கல் கூட்டம். அந்த நேரம் பார்த்து ஒரு வழுக்கு வழுக்கி உட்கார்ந்தேன். உட்கார்ந்த மாத்திரத்தில் இடுப்பில் சில்லென்று தண்ணீர். தொடை நனைந்தது. முழங்கால் நனைந்தது.

"இசக்கி! கடல் ஏறுது!"

முன்னால் போனவன் திரும்பினான். "எங்கன?"

"என் மேலதான்! பிஎஃப் நாமினி இன்னும் எங்க அம்மா பேர்லதான் இருக்கு, மாத்தச் சொல்லு!"

"நான் சொன்னா மாத்துவானா? கையெழுத்து நீருல்லா போடணும்!"

சிப்பி எடுத்தவர் எழுந்து வந்தார். என்னைச் சுற்றிப் பாறை காய்ந்து கிடந்தது. அவர் நிதானமாகக் கையிலிருந்த இரும்பை என் தோள்பையை நோக்கி நீட்டினார். "பாட்லி தேகோ, பாபா. பாட்லி!"

பார்த்தேன். பைக்குள் தண்ணீர் பாட்டில் மூடி கழன்று கவிழ்ந்து கிடந்தது. கடல் அந்தப் பக்கம், தன் பாட்டுக்கு, தொட முடியாத தூரத்தில் இருந்தது. மத்தியானத்துக்கு மேல்தான் நீர் ஏறும் என்று அவர் ஹிந்தியில் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே போனார். இசக்கி அடக்கவெல்லாம் இல்லை. பாறையில் படுத்தே சிரித்தான்.

ஒர்லி தாண்டி தாதர் கடற்கரைக்கு வரும்போதே பன்னிரண்டரை. கொஞ்சம் உள்ளே போனால் மாதுங்கா. மாதுங்கா என்றால் ரவா தோசை, டபரா காபி. நான் கெஞ்சினேன்.

"மாதுங்கால கடல் தெரியுமாவே?" என்றான். வடா பாவ் தின்றோம்.

மாஹிமைத் தாண்டிப் பாந்திராவில் கால் வைத்ததும் இன்னொரு சோதனை. அதுவரை ஊரில் ஆட்டோ கிடையாது. பாந்திராவிலிருந்துதான் ஆட்டோ ராஜ்யம். கொப்புளம் உடைந்து நொண்டுகிறவன் பக்கத்தில் ஒவ்வொரு ஆட்டோவும் வேகம் குறைத்து, "கிதர்?" என்று, எங்கே போகணும் என்று கேட்டது. சாதாரண நாளில் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாலும் நிற்காதவர்கள்.

ஜூஹு மணலுக்கு வந்தபோது சூரியன் இறங்கிவிட்டது. மணி ஆறரை. என் கணக்குப்படி நான் தூங்கி எழுந்து காபி குடித்திருக்க வேண்டிய நேரம். இப்போதே ஆட்டோவும் ரயிலும் பிடித்தால் எட்டுக்குள் லேப். வெர்சோவாவரை நடந்தால் திங்கட்கிழமைதான். இன்னும் இரண்டு ராத்திரி அந்த இரங்கல் கூட்டத்தைக் கேட்க என்னால் முடியாது. மணலில் உட்கார்ந்துவிட்டேன். இம்முறை நகைச்சுவை எதுவும் வரவில்லை. "பயமா இருக்கு இசக்கி" என்றேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அப்போது என் மொபைல் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான். ஆடிட்."

"ஆபீஸ்ல என்ன அலை அடிக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். "புதன்கிழமையே துவைக்கிறப்ப சட்டைப் பையில லேப் சீட்டைப் பார்த்துட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். இன்னிக்குக் காலையில சொல்லாம கொள்ளாமப் போனதும் இசக்கியண்ணன் வீட்டுல கேட்டேன், நடக்கப் போனீங்களாமே. ஆறு மணிக்கே நான் போய் வாங்கிட்டேன். டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன். வெறும் கொழுப்புக் கட்டியாம். ஒண்ணும் பண்ண வேண்டாமாம். கேக்குதா?"

கேட்டது. போனை இசக்கியிடம் கொடுத்தேன். அவன், "அழுதுக்கிட்டிருக்காரு தங்கச்சி, நல்லாத்தான் இருக்காரு" என்றான்.

மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, ஆட்டோ பிடி" என்றேன்.

"ரிப்போர்ட்டு உம்ம கையில வரலைல்லா? நேர்ச்சை அப்படியேதான் கெடக்கு. காரியம் ஆனதும் அவரை ஜூஹுலயே விட்டுட்டுப் போவீரோ? எந்திரியும்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கடைசித் தூரத்தை நடந்தோம். அன்றைக்கு வலிக்காத தூரம் அது ஒன்றுதான். வெர்சோவாவில் மூங்கில் கட்டி வரிசை வரிசையாக, பம்பில் என்கிற மீனைக் காயப்போட்டிருந்தார்கள். ஊரே மூக்கைப் பொத்தும் வாடை. நான் அதை விபூதி வாசனை மாதிரி இழுத்து இழுத்து முகர்ந்தேன். முழங்கால் தண்ணீரில் நின்று, எந்தப் பக்கம் திருச்செந்தூர் என்று தெரியாமல், நாலு திசைக்கும் கும்பிட்டோம்.

டாக்ஸி ஒர்லிக்கு வந்துவிட்டது. சிப்பிப் பாறைகள் இருந்த இடத்தில்தான் இப்போது வண்டிகள் பறக்கின்றன. டக் டக் சத்தத்தைத் தேடிக் கண்ணாடியை இறக்கினால் காற்றுதான் அறைகிறது. மூச்சு வாங்கிய லிப்டுகளை எடுத்துவிட்டுப் பேசும் லிப்டுகள் வைத்துவிட்டார்கள். அவற்றுக்குக் கிரீஸ் போட யாரும் இசக்கியைக் கூப்பிடுவதில்லை. பேரனோடு செம்பூர் பக்கம் சுனாபட்டியில் இருக்கிறான். சலாம் வைத்த வாட்ச்மேன்களின் இடத்தில் கேமரா. இன்று எனக்கு அவசரம் வந்தால் அந்தப் பாதையில் ஒரு கதவும் திறக்காது.

கட்டி மட்டும் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று போன வருடம்கூட டாக்டர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். அன்றைக்கு எங்கள் கூடவே நடந்து வந்ததில் இடம் மாறாமல் இருப்பது அது ஒன்றுதான்.