உறை பிரிக்காத நாற்காலி

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இனி வெள்ளைக் கைக்குட்டை வேண்டாம், நீலத்துக்கு மாறிவிடுவது என்று இன்று முடிவெடுத்தேன்.

கோரிப்பாளையம் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. கைக்குட்டைகளை எடுத்துக் காட்டிய மாரி என்ற பெண்ணுக்கு இரண்டு காலும் வீங்கியிருந்தன. அவள் பின்னால் ஒரு நாற்காலி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

"உக்காரலாம்ல?" என்றேன்.

"அது ஆபீசர் வந்தா காட்டுறதுக்குண்ணே. உக்காந்தா கேமராவுல தெரிஞ்சிரும்."

"கடையில வேலை பாக்குறவங்க உக்கார சேர் குடுக்கணும்னு சட்டமே இருக்கும்மா."

"அதான் குடுத்துட்டாங்கள்ல. எங்களை உக்கார விடணும்னு இருக்கா?"

விடுவேனா? சூப்பர்வைசரை அழைத்துச் சட்டத்தை விளக்கினேன். கைகட்டிக் கேட்டார்.

"நல்லது சார், பாத்துக்கிறோம்" என்றவர், அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா மாரி, கஸ்டமர்ட்ட கதை பேசத்தான் வாரியா?"

தங்கள் சட்ட அறிவால் இதுவரை யாராவது பயன் அடைந்திருந்தால் நண்பர்கள் கீழே கமெண்டில் எழுதலாம்.

நான் பில் போட்டுத் திரும்புவதற்குள் மாரியை நான்காவது மாடி குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். லிஃப்ட் மூன்றாவது மாடி வரைதான் போகும்.