பின்னால் நடந்து அடித்த களை மருந்து

என் அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அவள் முதுகுதான். மருந்து மெஷினை மாட்டிக்கொண்டு, ஈர மண்ணில் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து, வரப்பில் நிற்கும் என்னை நோக்கி முதுகைக் காட்டியபடியே வருகிறாள். சேலைக்கு மேல், நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. இரண்டு பக்கமும் அதேபோல் பின்னால் நடந்து வரும் பெண்கள். ரோட்டில் போன ஒருவன் வண்டியை நிறுத்தி, "இன்னா அத்தே, ஊட்டுக்குப் போற வழி மறந்துபூட்ச்சா?" என்று கத்தினான். "முன்னால பாத்து நடந்தா ஒன் மூஞ்சிலடா முழிக்கணும்" என்றாள் அத்தை, கையை நிறுத்தாமலே.

அத்தை நைனாவின் அக்கா. புத்தூர் பக்கத்தில் எங்கள் ஊரில் களை பறிக்கும் பெண்களைக் கூட்டிப் போகிறவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருப்பதியில் விவசாய டிப்ளமா முடித்து, ஏர்பேடு பக்கத்தில் வேலையும் வாங்கினேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. அத்தைக்கு அதைவிடக் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், "எங்க பாப்பா செடிக்கு டாக்டரு" என்பாள்.

அந்த வருஷம் ஊரின் பெரிய நிலக்காரர் போர்வெல் தண்ணீரை நம்பி முதல் தடவையாகக் கொண்டைக்கடலை போட்டார். தண்ணீர் பாய்ச்சுகிற கடலையில் பயிருக்கு முன்னால் களைதான் எழுந்து நிற்கும். அத்தையின் கூட்டமோ சிறுத்துப் போயிருந்தது. இளம் பெண்களெல்லாம் சத்தியவேடு பக்கத்துக் கம்பெனிகளுக்கு பஸ் ஏறிவிட்டார்கள். மிஞ்சியவர்களை வைத்துக்கொண்டு நேரத்துக்குக் களை எடுக்க முடியாது, நாயுடுபேட்டையிலிருந்து மெஷினோடு ஆம்பளைகளை வரவழைத்து மருந்து அடிக்கப் போகிறேன் என்றார் அவர். அவருடைய நிலம் கைவிட்டுப் போனால் கூட்டத்துக்கு வேலையே இல்லை. அத்தை அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். "மெஷின நாங்களே மாட்டிக்கிறோம். எங்க பாப்பா சொல்லித் தரும்." அவர், "இந்த ஒரு தடவை பாக்கறேன். களை வந்துச்சுன்னா இனிமே என் கொல்லி, நெலத்துப் பக்கம் வராதீங்க" என்றார்.

லீவு போட்டு வந்து சொல்லிக் கொடுத்தேன். விதைத்த ஓரிரு நாளில், முளை வெளியே வருவதற்குள், ஈர மண்மேல் அடிக்க வேண்டும். மருந்து மண்ணின் மேல் மெல்லிய ஏடாகப் படிந்து நிற்கும். அதை மிதித்தால் ஏடு உடைந்து அந்த இடத்தில் களை வரும். அதனால்தான் பின்னால் நடப்பது. ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் நடுவே இடைவெளி மாறக் கூடாது. மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்ள வேண்டும். துண்டைத் தவிர எல்லாவற்றையும் கேட்டார்கள். "அத்தக் கட்டிக்கினா எப்பிடிடி பேசறது?" என்றாள் அத்தை. நான் எவ்வளவு சண்டை போட்டும் நடக்கவில்லை.

கடலை முளைத்துக் கொஞ்ச நாளில் நிலக்காரர் ஆள் அனுப்பினார். அத்தை போன் போட்டு என்னையும் வரவழைத்தாள். போய்ப் பார்த்தோம். நிலம் முழுக்கச் சுத்தமாக இருந்தது. நடுவில் மட்டும் ஆற்று வளைவுபோல இரண்டு பச்சைப் பட்டைகள். சாரணையும் பண்ணைக்கீரையும் அடர்ந்து நின்றன. அவற்றுக்கிடையே இருந்த கடலை, இரட்டை மருந்து குடித்து வெளுத்துக் குறுகியிருந்தது. "ஏந்தம்மா இதி?" என்று தெலுங்கில் கேட்டார், என்ன இது என்று. எனக்கும் புரியவில்லை. மெஷினில் கோளாறோ என்று நினைத்தேன்.

அத்தை வரப்பில் நின்று வளைவைக் கண்ணாலேயே அளந்தாள். பிறகு நடுவில் நடந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். "இது ஒன் கோழிக் கொழம்புடி" என்றாள்.

மருந்து அடித்த அன்றைக்கு, வரப்பில் நின்ற என் காதுக்கு எட்டாமல், அந்தப் பெண் ஒரு கதை சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். விருந்துக்கு வந்த மருமகனுக்குத் தெரியாமல் அவள் மாமியார் கோழிக் குழம்பைச் சட்டியோடு பரண்மேல் ஒளித்த கதை. காலமெல்லாம் தோளோடு தோள் குனிந்து, பேசிக்கொண்டே களை பறித்தவர்கள் அவர்கள். கதை சூடு பிடிக்கப் பிடிக்கக் காதைக் கொடுத்து இரண்டு பக்கமிருந்தும் அவளிடம் ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். அவர்கள் விட்டு நகர்ந்த இடத்தில் மருந்து விழவில்லை; ஒட்டிய இடத்தில் இரண்டு மடங்காக விழுந்தது. கதை முடிந்து சிரித்த இடத்தில் வரிசை மறுபடி நேராகியிருந்தது. பட்டையும் அங்கேயே முடிந்திருந்தது.

சிரிப்பு வந்தாலும் சிரிக்க முடியவில்லை. செடி எழுந்த பிறகு அந்தக் களைகளுக்கு மேலே மருந்து அடித்தால் கடலையும் சேர்ந்து கருகும் என்றேன். அத்தை அதைக் கேட்டுக்கொண்டு நிலக்காரரிடம் போனாள். "எங்க வாயால வந்தது, எங்க கையாலயே போவும். கூலி வாணாம்." அன்றே இறங்கினார்கள். கடலைச் செடி அசையாமல், வேர் அறாமல், ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார்கள். அவர் வரப்பில் நின்று பார்த்தார். அடுத்த வருஷம் கூப்பிடுவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. அந்தப் பதிலுக்காக அத்தை அறுவடை முடிந்து, கோடை முடிந்து, மழை விடும்வரை காத்திருந்தாள். போனில் பேசும்போதெல்லாம், "அவுரு ஏதாவது சொன்னாரா?" என்று என்னிடம் கேட்பாள், நான் அவரைத் தினமும் பார்க்கிறவள்போல.

கடைசியில் அவரே வீட்டுக்கு வந்தார். "வாயைக் கட்டிக்கினு அடிக்கறதா இருந்தா வாங்க" என்றார். என் படிப்பாலும் சண்டையாலும் நடக்காதது அந்த ஒரு வார்த்தையில் நடந்தது. எல்லோரும் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நிலம் முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் அடித்தார்கள்.

இப்போது அந்த நிலம் அவர்களுடையதுபோலத்தான். பக்கத்து ஊர்க்காரர்களும் கூப்பிடுகிறார்கள். போன தடவை ஊருக்குப் போனபோது அத்தை என்னைக் கடலை பார்க்கக் கூட்டிப் போனாள். ஒரு களை இல்லை. வரிசை வரிசையாக, பூ வைத்து நின்றது. "பாத்தியா, எப்பிடிக் கீது!" என்றாள் பெருமையாக. வரப்பு முழுக்க நடந்து முடித்தோம். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"சுத்தமாத்தான் கீது பாப்பா. யாரு ஊட்ல இன்னா நடக்குதுன்னுதான் ஒண்ணுமே தெரியல."