காந்தம் ஒட்டாத பைப்

இன்ஜினின் சூடான புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு என் பழைய காரில் ஓராண்டிலேயே விரிசல் விட்டது. அதை எவர்சில்வரில் பளபளவென்று செய்து தந்த பெருங்களத்தூர் பட்டறைக்காரரிடமே மீண்டும் போனேன். இந்த முறை பைப்பை நானே வாங்கிப் போயிருந்தேன். நீராவி போகும் லைன்களுக்குப் போடும் தடித்த கறுப்பு இரும்பு பைப்.

அவர் அதைக் காலால் உருட்டினார்.

"இன்னா சார், பாய்லர் பைப்ப எடுத்துகினு வந்துகீறீங்க? பானட்டத் தொறந்தா நாலு பேரு பாக்கறாப்ல இருக்க வேணாமா?"

பிறகு மெல்லிய எவர்சில்வர் பைப் ஒன்றில் காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. "பாத்தீங்களா? ஒரிஜினல்."

இந்தப் பக்கத்தில் எவர்சில்வர் வாங்கும் எல்லோருக்கும் அதுதான் சோதனை. நான் காந்தத்தை வாங்கி அவருடைய மாடிப்படிக் கைப்பிடியில் வைத்தேன். அங்கேயும் ஒட்டவில்லை.

"அது சும்மா ரெயிலிங் பைப்பு சார். சூடு தாங்காது."

"போன தடவை என் வண்டிக்கு எதைப் போட்டீங்க?"

"அதுவும் ஒட்டலயே சார்."

"விரிசல் விட்டுடுச்சே. என் பைப்புல செய்ங்க."

"துரு புடிச்சா என்னாண்ட வரக்கூடாது. எங்க செஞ்சதுன்னும் சொல்லாதீங்க."

"சரி."

வெல்டிங் முடிந்ததும் வெள்ளிப் பெயின்டாவது அடிக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. தினமும் மறைமலை நகருக்கு அந்த வண்டியில்தான் போகிறேன். மேனிஃபோல்டு முழுக்கத் துரு. விரிசல் ஒன்றுகூட இல்லை. மேனிஃபோல்டைப் பற்றி யாராவது கேட்டால் பானட்டைத் திறந்தே காட்டுகிறேன்.