நாலு நிமிஷக் கணக்கு

அந்தச் சிப் தொழிற்சாலையில் அவனை எல்லாரும் "வரிசை" என்றுதான் கூப்பிடுவார்கள். பேருக்கேற்ற வேலைதான். சிலிக்கான் வில்லைகள் பெட்டிக்கு இருபத்தைந்தாகக் கிளம்பி, கழுவல், உலை, பூச்சு, மறுபடி கழுவல் என்று நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்ட வேண்டும். எந்தப் பெட்டி எந்த இயந்திரத்தின் முன்னால் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கும் என்று, கம்ப்யூட்டருக்குள் ஒரு பொம்மைத் தொழிற்சாலையை ஓடவிட்டுச் சொல்வது அவன் பிழைப்பு. ஒரு நாளைக்கு எத்தனை பெட்டியை உள்ளே விடலாம் என்பதை அந்தப் பொம்மைதான் தீர்மானிக்கும். கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யானைக்கே அடி சறுக்குகிறது, இவன் எம்மாத்திரம்?

சறுக்கிய இடம் உலை. ஒரு பெட்டியை எடுத்து உலையில் ஏற்ற எத்தனை நிமிஷம் ஆகும் என்று அளக்கப் போனான். கடிகாரத்தோடு முதுகுக்குப் பின்னால் நிற்கிறவனை அங்கே உலையில் வேலை பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் பிடிக்கவில்லை. யாருக்குத்தான் பிடிக்கும்? சரி, நில்லு என்றவள் ஒருத்திதான், அவனுடைய சொந்த அக்கா. அவனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்புக்குள் அன்றைக்கு அவள் பம்பரமாகச் சுழன்றாள். தம்பி முதல்முதலாக அளக்க வந்திருக்கிறான், அவன் முகம் வாடக்கூடாதே! வெளியே போய்வந்தால் உடுப்பைக் கழற்றி மாட்டவே இருபது நிமிஷம் போய்விடும் என்று காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நாலு நிமிஷம் என்று வந்தது. அந்த மடையன் அதை அப்படியே பொம்மைக்குள் போட்டான். ஒரே ஆள், ஒரே நாள்!

மற்றவர்களுக்கு ஆறரை ஆனது. நாலை நம்பி உள்ளே விட்ட பெட்டிகள் உலை வாசலில் குவிந்தன. கழுவிய வில்லை இரண்டு மணி நேரத்துக்குள் உலைக்குள் போகாவிட்டால் திரும்பக் கழுவ வேண்டும், சில சமயம் குப்பைதான். மேலாளர் கணக்கைச் சந்தேகப்படவில்லை, பெண்களைச் சந்தேகப்பட்டார். யார் எவ்வளவு வேகம் என்று காட்டும் திரையில், நாலைத் தாண்டிய அவர்கள் பெயரெல்லாம் சிவப்பாயிற்று. மூன்று பேரை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. பச்சையில் நின்றது அக்கா பெயர் மட்டும்.

பழைய பதிவுகளைக் கிளறிப் பார்த்தவனுக்குத் தப்பு தன்னுடையதுதான் என்று விளங்கிவிட்டது. நாலு நிமிஷம் கஷ்டம் போலிருக்கே என்று மேலாளரிடம் மென்று விழுங்கினான். உங்கக்காவுக்கு மட்டும் எப்படி முடியுது என்று அவர் திரையைக் காட்டினார். அளந்ததே அவளைத்தான் என்று அவன் சொல்லவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, வாய் எப்படி வரும்? அப்படியே இரண்டு மாசம் ஓடியது.

ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். பெட்டி தூக்கித் தூக்கி வீங்கிப்போன மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிக்காமல் குடிக்காமல் சிறுநீரில் ரத்தம் வருகிறது, டாக்டர் கன்னாபின்னாவென்று திட்டி அனுப்பினார் என்று மாமா சொன்னார். நாளையிலிருந்து மெதுவாகச் செய் என்று அவளிடம் கெஞ்சினான்.

"நான் மெதுவாப் போனா உன் கணக்கு தப்புன்னு ஆயிடும்டா. முதல்ல உன் வேலை நிரந்தரமாகட்டும்" என்றாள்.

"கணக்கு தப்புதான், அக்கா."

"தப்பாயிடக் கூடாதுன்னுதானே ஓடிட்டு இருக்கேன்."

மறுநாள் காலையில் அவன் மேலாளர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். யாரை அளந்தான், எத்தனை நாள் அளந்தான், எப்போது தெரிந்தது, ஒன்று விடவில்லை. நாலு ஆறரை ஆனது, உள்ளே விடும் பெட்டிகள் குறைந்தன. மூன்று பெண்களின் வேலையும் தப்பியது. இவனை மட்டும் மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள்.

அதைச் சொல்ல அவன் போவதற்குள் சேதி அக்காவுக்கு எட்டியிருந்தது. மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். வேலை போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தப்புன்னு உனக்கு எப்போ தெரியும்?"

"ரெண்டு மாசமா."

கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ இந்த ரெண்டு மாசம் நான் ஓடினது எதுக்குடா?"