கரடிக்கு ஒரு றிவோல்வர்

1993ஆம் ஆண்டு மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டிலுள்ள எங்கள் அடுக்குமாடியிலிருந்து புறப்பட்டேன். போக வேண்டிய இடம் துவக்குக் கடை. வெடிச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவன், ஏழு வருடம் கழித்துத் தானே துவக்கு வாங்கப் போன கதையை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. என்றாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தவன். ரொறன்ரோவில் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஏழு வருடமாக உணவகத்தில் கோப்பை கழுவினேன். அந்த வசந்தத்தில்தான் கனிமம் தேடும் ஒரு சிறு கம்பனி என்னைக் கூப்பிட்டது. ஜூன் முதல் நான்கு மாதம், திமின்ஸ் என்ற ஊருக்கு வடக்கே காட்டில் பாறை மாதிரி எடுக்கும் வேலை. நிபந்தனை ஒன்று இருந்தது. தனியே காட்டுக்குள் நடப்பவர் கரடிக்காகக் கைத்துப்பாக்கி ஒன்று வைத்திருக்க வேண்டும். ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் கல்லுமாகத் திரிகிறவனுக்கு நீளத் துவக்கு சரிவராதாம். துவக்கு வாங்குவதற்கான ஆரம்ப அனுமதிப் பத்திரம் கைக்கு வந்துவிட்டது. எந்தத் துப்பாக்கியை எடுக்கிறேன் என்று திங்கட்கிழமைக்குள் கம்பனிக்குச் சொல்லாவிட்டால் வேலை அடுத்தவனுக்குப் போய்விடும்.

என் மனைவி வதனியின் அண்ணனை, நான் நாட்டை விடுவதற்கு முதல் வருடம், வீட்டு வாசற்படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சுட்டுக் கொன்றார்கள். சைக்கிளில் வந்த இரண்டு பேர், ஒரு றிவோல்வர். யார் சுட்டது என்பதற்கு இன்றுவரை மூன்று கதைகள் இருக்கின்றன. அன்று காலை தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, "உது இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது" என்று மட்டும் வதனி சொன்னாள். நான் தலையாட்டினேன்.

கீழே வாசலில் காத்து நின்றேன்; எட்டரைக்கு யேசுதாசன் அண்ணை தன் வானைக் கொண்டுவந்தார். மன்னார்க்காரர், கடைகளுக்கு மீன்பெட்டி இறக்குபவர். என்னிடம் கார் இல்லாததால் அவரைக் கேட்டிருந்தேன். லீற்றர் ஐம்பத்துநாலு சதத்துக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஏறி, மேற்கே போய், 400இல் வடக்கே திரும்பினோம். மொத்தம் தொண்ணூறு கிலோமீற்றருக்கு மேல். வழியெல்லாம் என்னைக் கேலி செய்தார்.

"தம்பி, கரடி உம்மைக் கண்டால் பயப்பிடாது, பாவம் எண்டு விட்டிட்டுப் போயிடும்."

பிராட்போர்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் வெங்காயத்துக்கும் கரட்டுக்குமாக உழுத கறுப்பு மண். ஊரில் எங்கள் தோட்டமண் சிவப்பு.

பாரி நகருக்குச் சற்று முன்னால், மரவேலி போட்ட வளவொன்றில் அந்தக் கடை இருந்தது. மணி ஒன்பது ஐம்பது. அண்ணை வானை விட்டு இறங்கவில்லை.

"நான் உள்ளுக்கை வரேல்லை. என்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. துவக்குக் கடையிலை நிண்டவன் எண்டு ஒரு பேர் எனக்கு வேண்டாம்."

கடைக்காரர் அறுபது வயதுக் கனடியர். வேட்டைக்கா என்று கேட்டார். வேலைக்கு என்றேன். நல்லது, இந்த நாட்டில் கைத்துப்பாக்கியால் வேட்டையாடச் சட்டம் இடம் தராது, எல்லைக்கு அப்பால் அமெரிக்கர்கள்தான் மானுக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போவார்கள், உனக்கு இது உயிர் காக்க மட்டும் என்றார். பிறகு பச்சைத் துணி விரித்து இரண்டு றிவோல்வர்களை வைத்தார். சின்னது 357 ரகம். பாரம் குறைவு, உதைப்பும் குறைவு. பெரியது 44 மேக்னம். ஐந்தரை அங்குலக் குழல், துருப்பிடிக்காத உருக்கு, ஏறக்குறைய மூன்று இறாத்தல்.

"மனிதருக்கு இந்தச் சின்னதே போதும். கரடிக்குப் போதாது" என்றார். கடைச் சாமான் விபரம் சொல்கிற குரல்தான்.

பிடி என் கைக்கு அடங்குமா என்று பார்க்க வேண்டுமாம். "கையைக் காட்டு" என்றார்.

நான் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, மேலே மடித்து, முழங்கையைத் திருப்பிக் காட்டினேன். வலதைக் காட்டிவிட்டு இடதையும் மடிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் அவருடைய திகைத்த முகம் கண்ணில் பட்டது. ஊரில் காவலரணில் ஆமிக்காரன் கையைக் காட்டு என்றால் முழங்கையைத்தான் பார்ப்பான். தவழ்ந்து பயிற்சி எடுத்த தழும்பு இருக்கிறதா என்று தேடுவான். பிறகு துவக்கு உதைத்த தடம் தேடித் தோளையும் பார்ப்பான். ஏழு வருடம் கழித்து, ஒன்ராறியோவில் ஒரு கிழவன் கேட்டதும் என் கை தானாகவே அதைச் செய்துவிட்டது. அவமானத்தில் காது சுட்டது. அவர் தன் உள்ளங்கையை என் உள்ளங்கையோடு வைத்து அளந்தார்.

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்க ஓர் இடம் உண்டு. பெரியதில் ஆறு குண்டு. முதலாவது மண்மேட்டில் புதைந்தது. மற்ற ஐந்தும் கடதாசி இலக்கில் ஒரு தேத்தண்ணித் தட்டளவு வட்டத்துக்குள் விழுந்தன. முன்பு சுட்டிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. என் கை இதற்கென்று படைக்கப்பட்டதல்ல என்று இவ்வளவு காலமும் பெருமையாக நம்பியிருந்தேன். அது நடுங்கவே இல்லை. அன்று எனக்கு உண்டான பயம் அதுதான், கரடிப் பயமல்ல.

பெரியதையே எடுத்தேன். அறுநூற்று இருபத்தைந்து டொலர். நெஞ்சோடு கட்டும் தோலுறைக்கு எழுபது. முதுகில் பை சுமப்பவனுக்கு இடுப்பில் கட்டினால் இடைஞ்சலாம். வாங்கிய துவக்கு, கடையிலிருந்து நேரே கம்பனியின் திமின்ஸ் அலுவலகப் பெட்டகத்துக்குப் போகும், வீட்டுக்கு வராது என்று எழுதி வாங்கிக்கொண்டேன். காட்டில் அதைக் காவிச் செல்லும் அனுமதி வேறு. அதற்குப் பொலிஸ் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து மனைவியிடம் பேசும் என்றார் கடைக்காரர். அவள் மாட்டேன் என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடுமாம்.

பதினொன்றரைக்குத் திரும்பினோம்.

"சுட்டுப் பாத்தனீரோ?"

"ஓம் அண்ணை."

"எப்பிடி?"

"லேசு."

அதன் பிறகு அவர் கேலி செய்யவில்லை. எங்கள் ஊரில் எத்தனையோ பேர் துவக்கு எடுத்தார்கள். அவர்களுக்கு அதைக் கொடுத்தவன் ஒருவனாவது வீட்டிலிருந்த பெண்ணிடம் போய், உனக்குச் சம்மதமா என்று கேட்டிருப்பானா என்று 401 முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். வதனியிடம் கேட்கப் போகிறார்கள். அவள் ஒரு சொல் சொன்னால் நான் மறுபடியும் கோப்பைத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். அப்படிச் சொல்ல அவளுக்கு நியாயம் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது ஒரு மணி. நடந்ததை எல்லாம் சொன்னேன், ஐந்து குண்டு சரியாக விழுந்ததையும் மறைக்கவில்லை. வதனி சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பொலிஸ் என்னட்டை என்ன கேப்பினம்?"

"உமக்கு என்னிலை பயம் இருக்கோ எண்டு."

கோப்பையை எடுத்து என் கையில் தந்தாள்.

"இல்லை எண்டு சொல்லுறன். நீங்கள் வேலைக்குப் போங்கோ" என்றாள். "உங்களிலை எனக்குப் பயமில்லை. வாசல்லை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பயம். அதை அவையள் கேக்க மாட்டினம்தானே."