தம்பிக்கு நான் வாங்கித் தந்த ஐஸ்

என் தம்பி இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்பது. மர்பி டவுனில் எங்கள் சந்திலிருந்த எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது: நான் வாங்கித் தந்த ஆரஞ்சு குச்சி ஐஸ்.

அவனுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நீலம் பூக்கும். அம்மா இந்திரா நகரில் சமையல் வேலைக்குப் போவாள். பள்ளி விட்டதும் அவனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை மாலை ஐஸ் வண்டி வந்தது. எல்லாப் பிள்ளைகளும் தின்ன, எப்போதும் வேடிக்கை மட்டும் பார்க்கிறவன் அன்று கேட்டான். வாங்கித் தந்தேன். பாதிதான் தின்றான். இரவு உடம்பு அனலாய்க் கொதித்தது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தான். நிமோனியா என்றார்கள்.

சாவு வீட்டில் அத்தை, அப்பாவின் அக்கா, எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "சளி உடம்புக்காரப் புள்ளடி அது. உனக்கு நாக்கு ஊறுச்சுன்னா நீ மட்டும் நக்கிட்டு வரவேண்டியதுதானே?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

வருடா வருடம் அவன் இறந்த நாளில் படையல் போடுவோம். இலையில் எலுமிச்சைச் சோறு, வடை, அவனுக்குப் பிடித்த தேங்காய் பன். கற்பூரம் அணைந்ததும் அத்தை ஐஸ் பேச்சை எடுப்பாள். பாதி ஐஸ் சில வருடங்களில் முழு ஐஸானது, பிறகு இரண்டானது. நான் மறுத்ததில்லை. நானும் அதை நம்பினேன்.

படித்து முடித்து ஒரு நாளிதழில் சேர்ந்தேன். விபத்தோ கொலையோ, அங்கே முதல் கேள்வி எது முன்னால், எது பின்னால் என்பதுதான். ஊரார் சாவுகளுக்கெல்லாம் இரண்டு வருடம் அதைக் கேட்ட பிறகே எங்கள் வீட்டுச் சாவுக்கும் கேட்கலாம் என்று தோன்றியது. படையல் நாள் காலை, அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்குக் காய்ச்சல் எப்பம்மா ஆரம்பிச்சுச்சு?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரியே. நீ தூங்கிட்டே."

அம்மா அடுத்த தேங்காய் மூடியை எடுத்தாள்.

"திங்கக்கிழமை நீ ஸ்கூலுக்குப் போனதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். நெஞ்சுல வெச்சுப் பார்த்துட்டு டாக்டர் கன்னடத்துல, 'இவத்தே அட்மிட் மாடம்மா', இன்னைக்கே சேர்த்துடுன்னாரு. வேலை வீட்டுல அன்னைக்கு பர்த்டே. நாளைக்குக் கூட்டியாறேன்னுட்டு வந்துட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"உங்கத்தை ஐஸுன்னு ஆரம்பிச்சா. எல்லாரும் அதையே புடிச்சிக்கிட்டாங்க. எனக்கு அது சுலபமாப் போச்சு."

ஐஸ் வண்டி வருவதற்கு முன்பே நோய் வந்துவிட்டது. நோய் முன்பே வராமல் இருந்திருந்தாலும் என் தீர்ப்பு மாறாது: ஓர் உயிரை ஒன்பது வயதுப் பெண்ணிடம் விட்டுவிட்டுப் போனவர்கள் பெரியவர்கள். அதற்காக அம்மாவையும் குற்றம் சொல்ல முடியாது. அதுபோல எத்தனையோ காய்ச்சல்கள் அவனுக்கு வந்து போயிருந்தன. பதிமூன்று வருட மௌனம் மட்டும் அப்படியல்ல.

"அவன் செத்ததுக்கு உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றேன். "என்னைத் திட்ட விட்டுட்டு சும்மா இருந்தியே, அதுக்குச் சொல்லுவேன்."

"சொல்லு," என்றாள். துருவலை நிறுத்தவில்லை.

மதியம் அத்தை வழக்கம்போல் தொடங்கினாள். "அன்னைக்கு மட்டும் அந்த ரெண்டு ஐஸ்..."

"ஐஸால இல்ல அண்ணி," என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

அத்தை அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப நீதானா?"

"அம்மாவும் இல்ல அத்தை," என்றேன்.

"அப்ப யாருதான்டி கொன்னது அவன?"

"யாரும் கொல்லல. அவனுக்கு உடம்பு சரியில்ல, செத்துப்போயிட்டான்."

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அத்தை என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். திட்டுவதற்கு ஆளில்லாமல், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.