ஆட்காட்டியும் வேதாந்தமும்

போன வியாழக்கிழமை காலை மயிலாப்பூர்க் குளக்கரையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "வேதாந்தம் சார் போயிட்டார்" என்றார். "அடையாற்றுக்குத்தானே?" என்று கேட்டேன். அவர் வானத்தைக் கைகாட்டிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொறுக்கிய கத்தரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

சர்க்கார் ஆபீஸில் அவர் என் பக்கத்து மேஜை. அவர் மேஜையில் காகிதக் கட்டுகள் இமயமலைக்கு அண்ணனாக வளர்ந்து நிற்கும். அவரோ ஜன்னலுக்கு வெளியே பார்த்து, ஏதோ ஒரு குருவிக்கு ஏன் அந்தப் பேர் வந்தது என்று யோசித்துக்கொண்டிருப்பார். "பேர் வச்சவன் புலவன் இல்லை ஓய். அந்தப் பட்சியால லாபமோ நஷ்டமோ பட்டவன்" என்பது அவர் சித்தாந்தம். மாட்டின் மேலிருந்து உண்ணி பொறுக்கும் கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்று பேர் வைத்தவன் மாடு வளர்த்தவன். குருட்டுக்கொக்குக்குப் பேர் வைத்தவனோ அதைப் பிடித்துக் குழம்பு வைக்கப் போனவன். காலடிக்கு வரும்வரை அது அசையாமல் நிற்கும். கண் தெரியாது என்று நம்பிக் கை நீட்டியிருப்பான், பறந்திருக்கும். "குழம்பு போச்சு, பேர் நின்னுது" என்பார்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதி மயிலாப்பூர் மூட்டை கட்டிய வருஷம் அது. அவர் பெண் அலமேலுவுக்கு நிச்சயதார்த்தம். மாம்பலத்திலிருந்து பிள்ளைவீட்டார் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. அன்று மத்தியானம் பார்த்து எங்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. ஒளிந்திருக்கும் ஆளைக் கத்திக் காட்டிக்கொடுப்பதால்தான் ஆட்காட்டிக் குருவிக்கு அந்தப் பேர் என்றார். "பட்சிக்கு வேறே ஜோலி இல்லையா?" என்றேன். "வாரும், பார்த்துடலாம்" என்று அடையாற்று முகத்துவாரத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

தாழம்புதருக்குள் நுழைந்து குந்தினார். நான் தள்ளி நின்றேன். மறுகணம் ஓர் ஆட்காட்டி கிளம்பிப் புதருக்கு மேலே வட்டமிட்டுக் கத்தியது பாருங்கள், சிங்கப்பூர் வரைக்கும் கேட்டிருக்கும். கரையைக் காவல் காத்த கான்ஸ்டபிளுக்குக் கேட்காமலா போகும்?

"யாருய்யா அது? சமுத்திரத்தப் பாத்துக்கினு புதருக்குள்ள இன்னா பண்ணிக்கினு கீறே?"

வேதாந்தம் இரு கைகளையும் உயர்த்தியபடி வெளியே குதித்தார், பயத்தில் அல்ல. "ஓய், காட்டிக் குடுத்துடுத்து! பார்த்தீரா, காட்டிக் குடுத்துடுத்து!"

"ஓகோ, கூட்டாளி வேற கீறானா?" என்று கான்ஸ்டபிள் என்னையும் சேர்த்துப் பிடித்தார்.

ஒற்றன் என்று சந்தேகப்பட்டு எங்களை ஸ்டேஷனில் உட்காரவைத்த செய்தி, எங்களுக்கு முன்பே மயிலாப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளையின் தகப்பனார் பெரிய வக்கீல். அங்கவஸ்திரம் தரையில் புரள நேராக ஸ்டேஷனுக்கே வந்து நின்றார். ஒற்றன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அலமேலுவின் கல்யாணம் எங்களுக்கிடையே அந்த பெஞ்சில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"பட்சிப் பேர் ஆராய்ச்சி என்கிறீரே, செம்போத்துக்கு ஏன் அந்தப் பேர்? சொல்லும், பார்ப்போம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

எதையாவது அவிழ்த்துவிடும் என்று வேதாந்தத்தின் விலாவில் இடித்தேன். நானாக இருந்தால் ஒரு ராஜா, ஒரு ரிஷி, ஒரு சாபம் வைத்து அரை நிமிஷத்தில் ஸ்தலபுராணமே கட்டியிருப்பேன்.

"இறக்கை செவப்பு, அதனால 'செம்' சரி. 'போத்து' ஏன்னு தெரியாது சார்" என்றார் வேதாந்தம், முகமெல்லாம் மலர்ச்சியாக. "ரொம்ப நாளா தேடிண்டிருக்கேன். உங்களுக்குத் தெரியுமோ?"

தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சிரிப்பு வெடித்தது. வக்கீல்தான்.

"வேவு பார்க்க வந்தவன்னா பதிலைத் தயாரா வச்சிண்டுன்னா வந்திருப்பான், இன்ஸ்பெக்டர்! எழுந்திரும் சம்பந்தி, நாழியாறது. தட்டு மாத்திக்க வேண்டாமா?"

அவரை அறிந்து இங்கே அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது! ஈரேழு பதினாலு லோகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் என்னிடம் பதில் உண்டு. அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது 'தெரியாது' என்ற அந்த ஒரு சொல்தான். நல்லா இருந்த மனுஷர் ஏன் இப்படித் திடீரென்று போனார் என்று இந்த வாரமெல்லாம் ஆளுக்கு ஆள் என்னைக் கேட்கிறார்கள். தெரியாது என்றே சொல்லி வருகிறேன். அவரைப் போல அதை மலர்ந்த முகத்தோடு சொல்லத்தான் இன்னும் வரவில்லை.